கல்லூரி வளாகத்தின் கரண்ட் பில்லைக் குறைப்பது எப்படி: வேலூர் வட்டாரத்தில் இந்தப் பொறுப்பைப் புதிதாக ஏற்றவர்களுக்கு

இந்த வேலை பெரும்பாலும் மின்னியல் துறையின் இளைய உதவிப் பேராசிரியர் தலையில் விழும். இல்லையென்றால் எஸ்டேட் அலுவலகத்தில் அப்போதுதான் சேர்ந்த இன்ஜினியர் தலையில். "கரண்ட் பில் ஏறிக்கிட்டே போகுது, ஏதாவது பண்ணுங்க சார்" என்பதுதான் மொத்த உத்தரவும். அடுத்த வாரமே எல்.இ.டி. வியாபாரி, சோலார் கம்பெனிக்காரர், "இந்தப் பெட்டியை மாட்டினால் 30 சதவீதம் மிச்சம்" என்று சொல்பவர் என மூவரும் உங்கள் அறை வாசலில் வந்து நிற்பார்கள். முதல் ஒரு மாதம் மூவரையும் காத்திருக்கச் சொல்லுங்கள். எதை வாங்குவது என்பது கடைசியில் வரும் கேள்வி.

பழைய வேலூர் மாவட்டம், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஹெச்.டி. (உயரழுத்த) இணைப்பும் விடுதியும் உள்ள நடுத்தரக் கல்லூரியை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். கணக்கு போடும் இடங்களில் யூனிட்டுக்கு 8.50 ரூபாய், டிமாண்ட் கட்டணம் கே.வி.ஏ.வுக்கு (வளாகம் இழுக்கும் மொத்த மின்திறனின் அலகு) மாதம் 600 ரூபாய் என்று வைத்திருக்கிறோம். கட்டண விகிதம் அடிக்கடி திருத்தப்படுகிறது. ஆகவே உங்கள் பில்லில் உள்ள எண்ணைப் போட்டு ஒருமுறை கணக்கைத் திருப்பிப் பாருங்கள்.

1. ஃபைலைத் திரட்டுங்கள்: ஒரு வாரம்

கீழே உள்ளவற்றின் நகல்களை ஒரே ஃபைலில் சேருங்கள்.

- கடந்த 24 மாத ஹெச்.டி. பில்கள். அக்கவுன்ட்ஸ் பிரிவில் பணம் கட்டிய ரசீது மட்டும்தான் இருக்கும். பில்லின் எல்லாப் பக்கங்களும் வேண்டும்.
- மின் வாரியத்துடன் போட்ட ஒப்பந்தம். சாங்ஷன் ஆன டிமாண்ட் (இழுக்க அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச கே.வி.ஏ.) எவ்வளவு, எந்தக் கட்டணப் பிரிவு, எந்தத் தேதியிலிருந்து என்பது இதில்தான் இருக்கிறது.
- பேனல் ரூமின் சிங்கிள் லைன் வரைபடம். பழையதாக இருந்தால் எலக்ட்ரீஷியனை உடன் வைத்துக்கொண்டு புதிதாக வரைந்துவிடுங்கள், அரை நாள் வேலை.
- ஜெனரேட்டர் லாக் புக், டீசல் பில்கள்.
- மின் ஆய்வாளரின் கடைசி ஆய்வறிக்கை.
- கட்டட வாரியாக விசிறி, விளக்கு, ஏசி, மோட்டார் எண்ணிக்கை. ஸ்டாக் ரிஜிஸ்டரை நம்பாதீர்கள். அதில் இருக்கும் ஏசியில் சில கழற்றப்பட்டிருக்கும், இல்லாத சில ஓடிக்கொண்டிருக்கும்.
- விடுதி மாணவர் எண்ணிக்கை, வகுப்பு நேர அட்டவணை, தண்ணீர் லாரி பில்கள்.

மாவட்டம் பிரிந்தது 2019-ல். மின் வட்டங்களின் எல்லை மாவட்ட எல்லையோடு ஒத்துப்போகும் என்று நினைக்காதீர்கள். பில்லின் மேல் எந்த வட்டத்தின் பெயர் இருக்கிறதோ, அந்த மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்துக்குத்தான் உங்கள் கடிதங்கள் போக வேண்டும். தவறான அலுவலகத்தில் கொடுத்த கடிதம் திரும்பி வர ஒரு மாதம் ஆகும்.

2. பில்லை வரி வரியாகப் படியுங்கள்

வீட்டு பில்லில் யூனிட்டைப் பார்த்தால் போதும். ஹெச்.டி. பில்லில் பணம் மூன்று வழியாகப் போகிறது.

முதலாவது, யூனிட் கட்டணம். இதை எல்லோரும் அறிவார்கள்.

இரண்டாவது, டிமாண்ட் கட்டணம். அந்த மாதத்தில் உங்கள் வளாகம் ஒரே நேரத்தில் இழுத்த அதிகபட்ச கே.வி.ஏ. எவ்வளவு என்பதை மீட்டர் பதிவு செய்கிறது. பதிவான அளவு, சாங்ஷன் டிமாண்டில் 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம் கட்ட வேண்டும். சாங்ஷன் அளவைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு இரட்டைக் கட்டணம். மாதம் முழுக்க ஒழுங்காக இருந்துவிட்டு ஒரு நாள் மதியம் அரை மணி நேரம் கோட்டை விட்டாலும் அந்த மாதம் முழுவதற்கும் அந்த எண்தான்.

மூன்றாவது, பவர் ஃபேக்டர் அபராதம். இழுக்கும் கே.வி.ஏ.வில் உண்மையில் வேலைக்கு உதவும் கிலோவாட் எத்தனை பங்கு என்பதுதான் பவர் ஃபேக்டர். சராசரி 0.90-க்குக் கீழே இறங்கினால் 0.85 வரை ஒவ்வொரு 0.01-க்கும் யூனிட் கட்டணத்தில் 1 சதவீதம், அதற்குக் கீழே 0.75 வரை 1.5 சதவீதம், அதற்கும் கீழே 2 சதவீதம். 8 லட்ச ரூபாய் யூனிட் கட்டணம் கட்டும் கல்லூரியில் பவர் ஃபேக்டர் 0.86 என்றால் 32,000 ரூபாய் ஒன்றுக்கும் உதவாமல் போகிறது.

24 மாதத்துக்கும் ஒரு அட்டவணை போடுங்கள்: யூனிட், பதிவான டிமாண்ட், பில் செய்யப்பட்ட டிமாண்ட், பவர் ஃபேக்டர், மொத்த ரூபாய். பக்கத்தில் டீசல் லிட்டரையும் எழுதுங்கள். இந்த ஒரு தாள் கையில் இருந்தால் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் உங்கள் பேச்சுக்கு மரியாதை வரும். இது இல்லாமல் "விளக்கை அணைப்போம்" என்று சுற்றறிக்கை அனுப்பினால் அது நோட்டீஸ் போர்டோடு நின்றுவிடும்.

வளாகத்துக்குள் வங்கிக் கிளை, ஏ.டி.எம்., வாடகைக்கு விட்ட கேன்டீன், ஜெராக்ஸ் கடை இருந்தால் அவற்றுக்குக் கரண்ட் எங்கிருந்து போகிறது என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கல்வி நிலையக் கட்டணத்தில் வாங்கிய மின்சாரம் வணிகத்துக்குப் போகிறது என்று ஆய்வில் முடிவானால் மின்சாரச் சட்டம் 2003-ன் 126-ஆம் பிரிவில் இரட்டிப்பாகக் கணக்கிட்டு நோட்டீஸ் வரும். நீங்கள் ஒரு வருடம் மிச்சம் பிடித்தது அந்த ஒரு நோட்டீஸில் போய்விடும்.

3. சனி மாலை ஒரு ரீடிங், திங்கள் காலை ஒரு ரீடிங்

செலவே இல்லாத பரிசோதனை இது. இதைவிட அதிகம் காட்டிக்கொடுப்பது வேறில்லை. சனிக்கிழமை மாலை 6 மணிக்கு மீட்டர் ரீடிங் எடுங்கள், திங்கள் காலை 7 மணிக்கு இன்னொன்று. இடையில் 37 மணி நேரம். வித்தியாசத்தை மீட்டரின் பெருக்கல் எண்ணால் பெருக்குங்கள். புதியவர்கள் இந்தப் பெருக்கலை மறந்துவிட்டு "ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமே ஓடவில்லை" என்று மகிழ்ந்துபோவது வழக்கம். அந்த எண் பில்லிலேயே இருக்கிறது.

1,850 யூனிட் வந்தால் சராசரியாக 50 கிலோவாட். விடுதி விசிறிகள், விளக்குகள், சமையலறை, பம்ப் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து 40 கிலோவாட்தான் கணக்கில் வருகிறது என்றால், மீதி 10 கிலோவாட் எங்கோ கேட்பாரின்றி ஓடுகிறது. இரவு பகலாக ஓடும் 10 கிலோவாட் மாதத்துக்கு 7,200 யூனிட், 61,200 ரூபாய்.

அதைத் தேட எலக்ட்ரீஷியன், ஒரு டாங் டெஸ்டர் (வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கருவி), ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஞாயிறு இரவு 11 மணிக்கு பேனல் ரூமில் ஒவ்வொரு ஃபீடராக (பேனலிலிருந்து பிரியும் லைன்) ஆம்பியர் எடுத்துக்கொண்டு வாருங்கள். வழக்கமாக அகப்படுபவை: யாரும் இல்லாத துறைகளில் தண்ணீரைக் குளிரவைத்துக்கொண்டிருக்கும் வாட்டர் கூலர்கள், கம்ப்யூட்டர் லேபின் பழைய யு.பி.எஸ்., 18 டிகிரியில் உறைய வைத்திருக்கும் சர்வர் அறை ஏசி, பகலிலும் எரியும் தெருவிளக்குகள், ஆய்வகத்தில் மறந்துபோன ஓவன். வாட்டர் கூலருக்கும் தெருவிளக்குக்கும் டைமர் போட்டால் முடிந்தது. ஒரு டைமர் சில நூறு ரூபாயிலிருந்து 2,000 ரூபாய் வரை. மின்தடை வந்தால் நேரம் தவறாத, உள்ளே பேட்டரி உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். மற்ற வகை இரண்டே மாதத்தில் பகலை இரவாக நினைத்துக்கொள்ளும்.

இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வளாகமா? சுமையே இல்லாவிட்டாலும் 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஏறக்குறைய ஒரு கிலோவாட்டைத் தின்றுகொண்டிருக்கும், மாதம் 720 யூனிட். மே மாத விடுமுறையில் சுமை முழுவதையும் ஒன்றின் மேல் போட்டு இன்னொன்றை நிறுத்தலாம். இதை உரிமம் பெற்ற மேற்பார்வையாளர் மட்டுமே செய்ய வேண்டும். நிறுத்தி வைத்த டிரான்ஸ்ஃபார்மர் ஈரம் இழுக்கும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்து, இன்சுலேஷன் சோதித்த பிறகே மறுபடி சார்ஜ் செய்ய வேண்டும்.

4. ஆடிட்டரைக் கூப்பிடுவதானால்

கல்லூரிகளுக்கான நாக் (NAAC) தரமதிப்பீட்டுக்கு எரிசக்தி தணிக்கைச் சான்று கேட்கிறார்கள் என்பதால் பல கல்லூரிகள் இதை ஒரு காகிதமாக மட்டும் வாங்குகின்றன. ஆடிட்டர் காலையில் காட்பாடி ஜங்ஷனில் இறங்குவார், வளாகத்தைச் சுற்றுவார், சாப்பிடுவார், மாலை ரயிலைப் பிடிப்பார். பத்து நாளில் 60 பக்க அறிக்கை வரும், அதில் 40 பக்கம் எந்தக் கல்லூரிக்கும் பொருந்தும். நாக் ஃபைலுக்கு அது போதுமானதாக இருக்கலாம், பில்லை அது ஒரு ரூபாய்கூடக் குறைக்காது.

பி.இ.இ. (மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு) சான்று பெற்ற எரிசக்தி ஆடிட்டரா என்று சான்றிதழ் எண்ணோடு கேளுங்கள். மூன்று கோட்டேஷன் வாங்குங்கள். வேலை ஆணையில் இவற்றை எழுத்தில் சேருங்கள்:

- மெயின் இன்கமரில் (வளாகத்துக்கான கரண்ட் உள்ளே வரும் லைன்) பவர் அனலைசர் வைத்துக் குறைந்தது 7 நாள் பதிவு. அதில் ஒரு ஞாயிறு கட்டாயம்.
- 5 ஹெச்.பி.க்கு மேற்பட்ட ஒவ்வொரு பம்புக்கும் நீரளவு, உயரம், இழுக்கும் கிலோவாட்.
- ஒவ்வொரு பரிந்துரைக்கும் முதலீடு, ஆண்டு மிச்சம், கணக்குப் போட்ட முறை.
- மூலத் தரவு எக்செல் கோப்பாக உங்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.
- கட்டணத்தில் கால் பங்கு, உங்கள் கேள்விகளுக்குப் பதில் வந்த பிறகு.

ஆடிட்டை வகுப்புகள் முழுவீச்சில் நடக்கும் மார்ச்சிலோ செப்டம்பரிலோ வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில், விடுதி பாதி காலியாக, விசிறிகூட ஓடாத குளிரில் அளந்த எண்ணை வைத்துக்கொண்டு ஏப்ரல் பில்லைப் புரிந்துகொள்ள முடியாது.

5. டிமாண்டைக் குறையுங்கள், பிறகு எழுதிக் கொடுங்கள்

எங்கள் கணக்கில் புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். உதாரணத்தைப் பாருங்கள். சாங்ஷன் டிமாண்ட் 500 கே.வி.ஏ. 24 மாதத்தில் பதிவான அதிகபட்சம் 360. ஆனால் 90 சதவீத விதிப்படி மாதாமாதம் 450-க்குப் பணம் போகிறது. எல்.இ.டி. போட்டு 360-ஐ 320 ஆக்கினாலும் டிமாண்ட் கட்டணத்தில் ஒரு பைசா குறையாது. "இவ்வளவு மாற்றியும் பில் குறையலையே" என்று கேட்பார்கள், உங்களிடம் பதில் இருக்காது.

சாங்ஷனை 400 ஆகக் குறைத்தால் 90 சதவீதம் 360. மாதம் 90 கே.வி.ஏ. குறைகிறது: 54,000 ரூபாய், ஆண்டுக்கு 6.48 லட்சம். செலவு ஒரு விண்ணப்பமும் முத்திரைத்தாளில் புதிய ஒப்பந்தமும்.

செய்ய வேண்டியது: மேற்பார்வைப் பொறியாளருக்கு நிறுவனத்தின் கடிதத் தாளில் விண்ணப்பம், நிர்வாகக் குழுத் தீர்மான நகல், பழைய ஒப்பந்த நகல், கடைசி பில், பாக்கி இல்லை என்பதற்கான ரசீது. ஒப்பந்தத்தில் எத்தனை காலத்துக்கு டிமாண்டைக் குறைக்க முடியாது என்ற நிபந்தனை இருக்கும், அதை முதலில் பாருங்கள். கொடுத்த கடிதத்துக்குத் தேதி முத்திரையுடன் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை நேரில் போய் விசாரிக்க ஒருவரை நியமியுங்கள்.

அவசரப்பட்டு 360-க்கே குறைத்துவிடாதீர்கள். அடுத்த ஆண்டு புதிய பிளாக் திறக்கிறார்களா, கருத்தரங்கக் கூடத்துக்கு ஏசி வருகிறதா என்று முதல்வரிடம் கேட்ட பிறகு எண்ணை முடிவு செய்யுங்கள். குறைத்ததை மறுபடி ஏற்ற வேண்டுமென்றால் கட்டணமும் உண்டு, காத்திருப்பும் உண்டு.

உச்சத்தைத் தாழ்த்துவது எப்படி? மீட்டரின் லோடு சர்வே விவரத்தை (நேர வாரியாகப் பதிவான சுமை) எழுதிக் கேட்டுப் பாருங்கள். அது வரும்வரை பேனல் ரூம் ஊழியரை மணிக்கு ஒருமுறை கே.வி.ஏ. குறிக்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் உச்சம் பொதுவாக 11 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் வரும். கத்திரி வெயிலுக்கு முந்தைய மார்ச், ஏப்ரலில் இன்னும் கூர்மையாக. அந்த நேரத்தில் ஓடத் தேவையில்லாதவற்றை நகர்த்துங்கள்: பம்புகள், விடுதி லாண்டரி, சமையலறை கிரைண்டர், வெல்டிங் ஆய்வகம்.

ஒரு பொறி இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின் வாரியம் பகல் முழுக்கக் கரண்டை நிறுத்தும் நாள். மாலையில் கரண்ட் வந்ததும் வெந்துபோன அறைகளில் எல்லா ஏசியும், காலியான தொட்டிகளுக்கு எல்லா பம்பும் ஒன்றாகக் கிளம்பும். மாதத்தின் உச்சம் அந்த அரை மணியில் பதிவாகிவிடும். பேனல் ரூமில் ஒரு அட்டை மாட்டுங்கள்: கரண்ட் வந்ததும் முதலில் விளக்கும் விசிறியும், 15 நிமிடம் கழித்து முதல் பிளாக் ஏசி, இன்னும் 15 நிமிடத்தில் இரண்டாவது, பம்ப் இரவு 9-க்குப் பிறகு. அதே நாளில் ஜெனரேட்டரையும் கவனியுங்கள். ஒரு லிட்டர் டீசலுக்கு 3 முதல் 3.5 யூனிட்தான் கிடைக்கும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது யூனிட் எரிபொருளுக்கு மட்டுமே 25 ரூபாயைத் தாண்டுகிறது. ஜெனரேட்டர் லைனில் ஏசி எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், திகைப்பீர்கள்.

பவர் ஃபேக்டரை ஏற்றும் கெப்பாசிட்டர் விஷயமும் இங்கேயே. 200 கிலோவாட் சுமை 0.85 பவர் ஃபேக்டரில் 235 கே.வி.ஏ., 0.98-ல் 204. அதற்குத் தேவை ஏறக்குறைய 83 கே.வி.ஏ.ஆர். (கெப்பாசிட்டர் திறனின் அலகு) அளவு கெப்பாசிட்டர். நிலையான கெப்பாசிட்டர்களை மொத்தமாகப் போட்டுவிட்டால் இரவில் சுமை குறையும்போது பவர் ஃபேக்டர் மறுபக்கம் போய்விடும், வோல்டேஜ் ஏறும். தானியங்கி பேனல்தான் சரி. யு.பி.எஸ்., எல்.இ.டி., இன்வெர்ட்டர் ஏசி மிகுந்த வளாகங்களில் ஹார்மோனிக்ஸால் (மின் அலையின் சிதைவு) கெப்பாசிட்டர் வீங்கி வெடிப்பது சகஜம், ரியாக்டர் சேர்த்த வகையைக் கேளுங்கள். இருக்கிற பேனலே வேலை செய்யாமல் கிடக்கலாம். ஒவ்வொரு படியிலும் டாங் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்து ஆம்பியர் வராத படிகளே பாதி இருக்கும்.

6. தண்ணீர்தான் மறைந்திருக்கும் செலவு

பாலாற்றங்கரை ஊர் என்று பெயர். ஆனால் பெரும்பாலான வளாகங்கள் ஆழ்துளைக் கிணற்றையும் லாரியையும் நம்பித்தான் இருக்கின்றன. விடுதியில் 1,100 பேர் இருந்தால் நாளுக்கு ஒன்றரை லட்சம் லிட்டர் சாதாரணம். அத்தனையும் சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற வேண்டும்.

பம்பின் தரத்தை நீங்களே அளக்கலாம். தொட்டியின் கொள்ளளவு, நிரம்ப ஆகும் நேரம், சம்ப் நீர்மட்டத்திலிருந்து தொட்டிக் குழாய் வாய் வரை உயரம், மோட்டார் இழுக்கும் கிலோவாட், இந்த நான்கு போதும். மணிக்கு எத்தனை கன மீட்டர் என்பதை உயரத்தால் பெருக்கி 367-ஆல் வகுத்தால், தண்ணீரைத் தூக்க உண்மையில் தேவைப்படும் கிலோவாட் கிடைக்கும்.

20,000 லிட்டர் தொட்டி 2 மணி நேரத்தில் நிரம்புகிறது, குழாய் உராய்வு சேர்த்து உயரம் 35 மீட்டர். மணிக்கு 10 கன மீட்டர், 10 × 35 ÷ 367 = 0.95 கிலோவாட். ஆனால் மோட்டார் இழுப்பது 5 கிலோவாட் என்றால் திறன் 19 சதவீதம். ஓரளவு நல்ல பம்ப் செட் 50 சதவீதமாவது தர வேண்டும். ஒன்றரை லட்சம் லிட்டருக்கு இப்போது நாளுக்கு 75 யூனிட், ஆக வேண்டியது 30-க்கும் கீழே. மாதம் 11,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். சரியான அளவில் ஒரு மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) வாங்கினால் அரை ஆண்டுக்குள் போட்ட பணம் வந்துவிடும்.

திறன் ஏன் இப்படி விழுகிறது? முதல் காரணம், "இருக்கட்டும், பெரிசாவே போடு" என்று வாங்கிய மோட்டார். 3 ஹெச்.பி. போதுமான இடத்தில் 7.5 ஹெச்.பி. உட்கார்ந்திருக்கும், அது அதிர்வதால் யாரோ கேட் வால்வைப் பாதி மூடி வைத்திருப்பார்கள். பாதி மூடிய கேட் வால்வைக் கண்டால் அங்கே பணம் ஒழுகுகிறது என்று பொருள். இரண்டாவது, உப்புத் தண்ணீரால் குழாய்க்குள் படிந்த காரை. மூன்றாவது, இரண்டு மூன்று முறை ரீவைண்டிங் செய்த மோட்டார். நான்காவது, ஃபுட் வால்வு கசிவு. தினமும் காலையில் பம்ப்பில் தண்ணீர் ஊற்றிக் கிளப்ப வேண்டியிருக்கிறது என்றால் அதுதான் காரணம்.

புது பம்ப் வாங்கும்போது ஹெச்.பி.யைச் சொல்லிக் கேட்காதீர்கள். "35 மீட்டர் உயரத்தில் மணிக்கு 12,000 லிட்டர்" என்று இயங்குபுள்ளியைச் சொல்லுங்கள், கம்பெனியின் கர்வ் தாளை (உயரத்துக்கு ஏற்ப நீரளவும் திறனும் காட்டும் வரைபடம்) வாங்கி அந்தப் புள்ளியில் திறன் எவ்வளவு என்று பாருங்கள். ஆழ்துளை மோட்டாருக்கு உயரத்தைக் கணக்கிட, நின்றிருக்கும் நீர்மட்டத்தை எடுக்கக் கூடாது, பம்ப் ஓடும்போது இறங்கி நிற்கும் மட்டத்தை எடுக்க வேண்டும். மே மாதத்தில் அது இன்னும் இறங்கும்.

பிறகு தொட்டி நிரம்பியதும் தானாக நிற்க ஃப்ளோட் சுவிட்ச், கழிப்பறைகளில் ஒழுகும் ஃப்ளஷ் டேங்க். ஒழுகும் ஒவ்வொரு லிட்டரும் கரண்ட் செலவழித்து மாடிக்கு ஏற்றியதுதான்.

விடுதியில் கீசர் இருந்தால் மார்கழி, தை மாதக் காலைகளில் அதுவும் உச்சத்தை ஏற்றும். சூரிய வெந்நீர் அமைப்பு இங்கே நன்றாக ஓடும், ஆனால் கடினத் தண்ணீர் கண்ணாடிக் குழாய்களை அடைத்துவிடும். வெப்பப் பரிமாற்றி உள்ள வகையாக வாங்குங்கள், அல்லது மென்நீர் இணைப்புக் கொடுங்கள்.

7. விசிறியை விடுதியில் தொடங்குங்கள், வகுப்பறையில் அல்ல

சாதாரண விசிறி 75 வாட், பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) விசிறி 30 வாட். மிச்சம் 45 வாட். வகுப்பறையில் 7 மணி நேரம், 200 நாள் ஓடினால் ஆண்டுக்கு 63 யூனிட், சுமார் 535 ரூபாய். 2,800 ரூபாய் விசிறிக்கு 5 ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதையே விடுதி அறையில் 14 மணி நேரம், 270 நாள் ஓடும் இடத்தில் மாட்டினால் 170 யூனிட், 1,446 ரூபாய். இரண்டே ஆண்டு. ஆனால் எல்லாக் கல்லூரியிலும் புது விசிறி முதலில் போவது முதல்வர் அறைக்கும் கருத்தரங்கக் கூடத்துக்கும். அதிகாரத்தின் வரிசை அது, மின்சாரத்தின் வரிசை வேறு.

பி.எல்.டி.சி. மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்புக் கொடுங்கள். அதை விட்டுவைத்தால் சர்க்யூட் போர்டு சீக்கிரம் போகும். விடுதிக்கு ரிமோட் வகை வேண்டாம், முதல் மாதத்திலேயே ரிமோட் காணாமல் போகும். சுவிட்சைத் தட்டி வேகம் மாற்றும் வகை உண்டு. வாரன்டியில் சர்க்யூட் போர்டும் சேர்ந்திருக்கிறதா, பழுது பார்க்க வேலூரிலேயே ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள்.

டியூப்லைட் கணக்கு எளிது. சோக்குடன் சேர்த்து 50 வாட், எல்.இ.டி. 20 வாட். வகுப்பறையில் 8 மாதத்தில் பணம் வரும், விடுதி வராந்தாவில் 3 மாதத்தில். பழைய ஃபிட்டிங்கிலேயே எல்.இ.டி. டியூபைச் செருகும்போது சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றச் சொல்லி மேற்பார்வை பாருங்கள். சோக்கை விட்டுவைத்தால் மிச்சத்தில் ஒரு பகுதி அதிலேயே சூடாகப் போகும். எண்ணுக்கு எண் மாற்றாதீர்கள். ஒரு அறையில் மாற்றி மேசை மட்டத்தில் லக்ஸ் மீட்டர் வைத்துப் பாருங்கள், 300 லக்ஸ் போதும். எட்டு இருந்த இடத்தில் ஆறே போதுமாக இருக்கும். சன்னல் பக்கத்து வரிசைக்குத் தனி சுவிட்ச் கொடுத்தால் பகலில் அது எரியவே வேண்டாம்.

கழற்றிய டியூப்களில் பாதரசம் இருக்கிறது. உடைத்துக் குப்பையில் போடாமல் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். நாக் ஃபைலுக்கும் அந்த ரசீது உதவும்.

8. ஏசிக்கு முன் மொட்டை மாடி

வேலூர் வெயிலில் மேல்மாடி அறையின் கூரை மாலை 7 மணிக்கும் அனல் கக்கும். அதன் கீழே ஏசி போட்டால் அது கூரையைத்தான் குளிரவைக்கும். பிப்ரவரி முடிவதற்குள் மேல்தளத்துக்கு வெள்ளை அடியுங்கள். சுண்ணாம்பு மலிவு, ஆனால் ஒரு மழைக்காலத்தோடு போகும். வெயிலைத் திருப்பும் வெள்ளை பெயிண்ட் சில ஆண்டு நிற்கும். விரிசலை அடைக்காமல் பூசினால் ஐப்பசி மழையில் உரிந்துவிடும்.

ஏசியில் மூன்று விஷயம். ஃபில்டரை 15 நாளுக்கு ஒருமுறை கழுவுவது, ரோட்டோரம், குவாரிப் பக்கம் என்றால் வாரம் ஒருமுறை. வெளி யூனிட்டின் காயிலை ஆண்டுக்கு இருமுறை சுத்தம் செய்வது, அதற்குக் காற்றோட்டம் விடுவது. வெப்பநிலையை 24-க்குக் கீழே இறக்காமல் விசிறியோடு 26-ல் வைப்பது. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது பி.இ.இ. சொல்லும் கணக்கு. 2020 முதல் விற்கும் நட்சத்திரக் குறியீட்டு ஏசிகள் போட்டவுடன் 24-ல்தான் தொடங்கும், 18-க்கு இறக்குவது நாம்தான்.

கம்ப்யூட்டர் லேபில் 60 மெஷின் இருந்தால் 5 கிலோவாட் அளவுக்கு வரும், அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசியும் கூடுதலாக ஓட வேண்டும். லேப் உதவியாளர் மாலையில் யு.பி.எஸ். வெளியீட்டை அணைத்துவிட்டுப் போவதற்கு ஒரு கையெழுத்துப் பதிவேடு வையுங்கள். அவ்வளவுதான்.

9. சோலார் கடைசியில்

மேலே உள்ளவற்றை முடித்த பிறகே சோலாரின் அளவைத் தீர்மானியுங்கள். இல்லையென்றால் வீணாகும் கரண்டுக்கும் சேர்த்துப் பேனல் வாங்குவீர்கள். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 10 சதுர மீட்டர் இடம் வேண்டும், சராசரியாக நாளுக்கு 4 யூனிட் கிடைக்கும். தமிழ்நாட்டில் ஹெச்.டி. இணைப்புக்கு வீடுகளைப் போல யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் ஏற்பாடு கிடையாது. மிஞ்சி வெளியே போகும் மின்சாரத்துக்குக் குறைந்த விலைதான். ஆகவே மே மாத ஞாயிற்றுக்கிழமைப் பகலில் உங்கள் வளாகம் எவ்வளவு இழுக்கிறதோ அதை ஒட்டியே அளவைத் தொடங்குங்கள். நெட்வொர்க் கட்டணம் (சோலார் வைத்தவர்களிடம் மின் வாரியம் வாங்குவது) உங்கள் இணைப்புக்கு எவ்வளவு என்பதை மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு கோட்டேஷனைப் பாருங்கள். விற்பவர்கள் கொடுக்கும் கணக்கில் அந்த வரி பெரும்பாலும் இருக்காது. சோலார் டிமாண்டைக் குறைக்கும் என்று நம்பி சாங்ஷனைக் குறைக்கவும் வேண்டாம், மேகம் மூடிய ஒரு மதியம் போதும் உச்சம் பழைய இடத்துக்குப் போக.

பேனலில் தூசி படியும், ஜனவரி முதல் ஜூன் வரை 15 நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும். உப்புத் தண்ணீரில் கழுவினால் வெள்ளைக் கறை படியும். அதிகாலையிலோ மாலையிலோ, பேனல் சூடாக இல்லாதபோது கழுவுங்கள்.

10. எந்த மாதத்தில் எது

ஜூலை, ஆகஸ்டில் ஃபைலும் ரீடிங்கும். செப்டம்பரில் ஆடிட். அக்டோபருக்குள் டிமாண்ட் குறைப்பு விண்ணப்பம். நவம்பரில் கொள்முதல் குழுவுக்கு மதிப்பீடு. டெண்டர், ஒப்பீட்டு அட்டவணை, ஒப்புதல் எல்லாம் முடிய எட்டு வாரம் ஆகும். பம்ப், வாட்டர் கூலர் டைமர், விடுதி விளக்குகள் பொங்கல் விடுமுறையில். மொட்டை மாடியும் ஏசி சர்வீஸும் பிப்ரவரியில். விடுதி விசிறி, கெப்பாசிட்டர் பேனல், வயரிங் மாற்றம் மே மாதத்தில். மார்ச் 31-க்குள் பில் போட வேண்டும் என்ற நெருக்கடியில் பொருளை வாங்கி ஸ்டோர் ரூமில் போட்டுவிடாதீர்கள், வாரன்டி அங்கேயே ஓட ஆரம்பித்துவிடும்.

அரசு, உதவிபெறும் கல்லூரிகளில் பழைய பொருளைக் கண்டம் செய்யும் (உதவாது என்று கணக்கிலிருந்து நீக்கும்) நடைமுறைக்குத் தனியாக இரண்டு மாதம் ஒதுக்குங்கள். பழைய விசிறி ரிஜிஸ்டரிலிருந்து நீங்காதவரை அதை ஏலத்துக்கு விட முடியாது. ஸ்டோரில் கிடந்தால் யாராவது எடுத்து வேறொரு அறையில் மாட்டிவிடுவார்கள்.

டிமாண்ட் குறைந்து வரும் முதல் பில்லை நீங்களே வாங்கிப் பாருங்கள். சாங்ஷன் டிமாண்ட் கட்டத்தில் புதிய எண் ஏறியிருக்கிறதா, எந்தத் தேதியிலிருந்து? பழைய எண்ணிலேயே பில் வந்திருந்தால் ஒப்புகை முத்திரை போட்ட கடித நகலோடு அதே வாரத்தில் எழுதிக் கொடுங்கள். மின் வாரியத்தில் நீங்கள் கட்டியிருக்கும் டெபாசிட் தொகையையும் ஆண்டுதோறும் மறு ஆய்வு செய்வார்கள். பில் குறைந்திருக்கும்போது டெபாசிட் மட்டும் பழைய அளவில் நிற்கிறதா என்று அக்கவுன்ட்ஸ் பிரிவைக் கேளுங்கள், அவர்களாகப் பார்க்க மாட்டார்கள்.